வடகாட்டிலிருந்து வந்த மகரந்தம்



அடைமழை விட்ட மறுநாள் காலையில் ஒரு பழைய மாணவன் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பினான். துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவன். இப்போது ஏர்வாடிப் பக்கம் ஆடு வளர்க்கிறான். தீவனத்துக்காகக் கொஞ்சம் கம்பும் சோளமும் போட்டிருக்கிறான். படத்தில் ஒரு கம்பங்கதிர். அதன் மேல் இளஞ்சிவப்பாகப் பாகு மாதிரி துளித்துளியாக வடிகிறது. ஈ மொய்க்கிறது. கீழே ஒரு கேள்வி: "சார், கதிர்ல தேன் வடியுது. நல்ல சகுனமா?"

"அந்தக் கதிரை ஆட்டுக்குப் போட்டுடாதே, சாயங்காலம் கூப்பிடுறேன்" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கதிரை நான் முதன்முதலில் பார்த்தது 1968-இல், பத்து வயதில். அந்தக் கதிரால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்றது. உறவுகளில் பெரியவர்களுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் பாதிதான் தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். பழைய மாணவர்கள் பெஞ்சில் சாய்ந்துகொள்ளலாம், பரீட்சை கிடையாது.

கீழக்கரையில் முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியதால் என்னை எல்லோரும் கீழக்கரைக்காரன் என்றே நினைக்கிறார்கள். நான் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி கம்பும் சோளமும் குதிரைவாலியும் போடுகிற ஊர். மணி மனுசனுக்கு, தட்டை மாட்டுக்கு. கம்பு விளையாத வருடம் மாடும் பட்டினி, மக்களும் பட்டினி.

அந்த வருடம் என் அய்யா டவுனிலிருந்து புது விதை வாங்கி வந்தார். 'ஐபிரிட்டுக் கம்பு' என்று ஊரே வந்து பார்த்தது. அப்போது எல்லா இடத்திலும் அந்தப் பேச்சுதான். எங்கள் காட்டுக்கு வடக்கே, ஒரே ஒரு வரப்பு தள்ளி, அப்பத்தாளுக்கு நாத்தனார் முறையான ஒரு அம்மாளின் காடு. நான் 'வடகாட்டுப் பாட்டி' என்பேன். அவர் புது விதை வேண்டாம் என்று, குலுக்கையில் இருந்த நாட்டுக் கம்பையே முதல் மழைக்கு விதைத்துவிட்டார். எங்களுக்கு விதை வந்து சேரத் தாமதம். பத்துப் பதினைந்து நாள் பிந்தித்தான் விதைத்தோம். ஆனாலும் புதுக் கம்பு குறுகிய நாள் பயிர். ஓடிவந்து பிடித்துவிட்டது.

எங்கள் கம்பு ஒரே உயரம், ஒரே நாளில் கதிர். அய்யா வரப்பில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார். கதிர் பூக்கிற வாரம் பிடித்தது பாருங்கள் தூறல். நாலைந்து நாள் சூரியனையே காணோம். மழை விட்டதும் கதிரெல்லாம் தேன் வடிந்தது. நாங்கள் பிள்ளைகள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தோம், இனித்தது. அப்பத்தா முதுகில் ஒன்று வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், மணி இருக்கவேண்டிய இடத்தில் கருப்புக் கருப்பாக முள் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. தெற்குப் பக்கம் முழுக்கப் போச்சு. வடக்கு ஓரத்தில், வடகாட்டை ஒட்டிய சில வரிசைகள் மட்டும் ஓரளவு மணி பிடித்திருந்தன. வடகாட்டுப் பாட்டியின் கம்பு தேறிவிட்டது.

கெட்டுப்போன கதிரை என்ன செய்வது? மனுசருக்கு ஆகாவிட்டாலும் மாட்டுக்கு ஆகுமே என்று அய்யா செவலைப் பசுவுக்குப் போட்டார். கன்று போட்டு இரண்டு மாதம் ஆன பசு. கொஞ்ச நாளில் மடி வற்றியது. கன்று முட்டி முட்டிப் பார்த்து, மெலிந்து, ஒரு நாள் காலையில் தொழுவத்தில் செத்துக் கிடந்தது.

அன்றைக்குத்தான் அப்பத்தா சொன்னாள்: "அவ கண்ணுதாண்டா. தெனம் வரப்புல நின்னு பாத்தாளே. நம்ம கம்பும் போச்சு, பாலும் போச்சு. அவ காடு மட்டும் எப்படிடா நிக்கிது?"

இந்தக் கேள்விக்கு ஊரில் யாரிடமும் பதில் இல்லை. என் சின்ன அத்தையை வடகாட்டு வீட்டில் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். தை மாதம் பரிசம் போட வேண்டியது. அது நின்றது. வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டு நடையை அடைத்தார்கள். இரண்டு கிழவிகளும் அதற்குப்பின் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை.

இனி வகுப்புக்குப் போவோம்.

எட்டாம் வகுப்பில் செம்பருத்திப் பூவைப் பிளேடால் அறுத்துப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? சூல்முடி, சூல்தண்டு, சூலகம். மகரந்தத்தூள் சூல்முடியில் விழுகிறது. முளைத்து, ஒரு குழாயை விட்டு, தண்டின் வழியே இறங்கி, சூலகத்தை அடைகிறது. கம்பங்கதிரில் ஆயிரக்கணக்கில் இருக்கும் சின்னச் சின்னப் பூக்களிலும் இதே ஏற்பாடுதான்.

கம்பில் ஒரு தனிக்குணம் உண்டு. கதிரில் முதலில் வெள்ளை மயிர் போலச் சூல்முடிகள் வெளியே வரும். மகரந்தப் பைகள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். பாடப்புத்தகத்தில் 'பெண் முன் முதிர்வு' என்று படித்தீர்களே, அது. கோயம்புத்தூரில் 1923-இல் தொடங்கிய சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தின் முதல் நிபுணர் ஜி.என். ரங்கசாமி அய்யங்கார். அவரும் உடன் பணியாற்றியவர்களும் கம்பு எப்படிப் பூக்கிறது என்பதை வயலில் உட்கார்ந்து கவனித்து 1933-இல் கட்டுரையாகவே எழுதினார்கள். அயல் செடியின் மகரந்தம் வந்து சேரட்டும் என்று இயற்கை வைத்த ஏற்பாடு அது. தன் கதிரின் மகரந்தம் வருவதற்குள் பக்கத்துக் கதிரின் மகரந்தம் காற்றில் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால், வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு பூ காத்திருக்க வேண்டும்.

அந்த வாசலில்தான் திருடன் நுழைகிறான். அவன் பெயர் எர்காட் பூஞ்சை. அதன் வித்து காற்றிலோ மழைச் சாரலிலோ ஈயின் காலிலோ வந்து சூல்முடியில் உட்கார்கிறது. உட்கார்ந்ததும் மகரந்தம் செய்வதையே இதுவும் செய்கிறது: முளைக்கிறது, இழை விடுகிறது, அதே பாதையில் இறங்கிச் சூலகத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாறு நாளில் தேன் மாதிரி வடிகிறது. அந்தத் துளி முழுக்கப் பூஞ்சை வித்துக்கள். ஈயும் மழையும் அதை அடுத்த கதிருக்குக் கொண்டுபோகும். பிறகு மணி இருக்கவேண்டிய இடத்தில் பூஞ்சையே கெட்டியாகிக் கருப்பு முள்ளாக நிற்கும். பிரெஞ்சு மொழியில் எர்காட் என்றால் சேவலின் கால்முள். நம் வேளாண்மைத் துறையினர் 'தேனொழுகல் நோய்' என்கிறார்கள். இந்தப் பெயர் இன்னும் பொருத்தம்.

இந்தத் திருடனின் சரித்திரம் பெரியது. ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வந்த எர்காட், இடைக்காலத்தில் ஊர் ஊராக மக்களைக் கொன்றது. கை கால் எரிந்து கருகி விழும். 'புனித அந்தோணியாரின் நெருப்பு' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சாபம் என்றார்கள், சூனியம் என்றார்கள். நூற்றாண்டுக் கணக்காக அந்த ரொட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தக் கருப்பு முள்ளும் தேன் துளியும் ஒரே பூஞ்சையின் இரண்டு வேடங்கள் என்பதை டுலான் என்ற பிரெஞ்சு அறிஞர் 1853-இல்தான் தெளிவாகக் காட்டினார்.

அதே நஞ்சில்தான் மருந்தும் இருந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் எர்கோமெட்ரின் 1935-இல் எர்காட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் நீலகிரியிலேயே ரை விதைத்து, வேண்டுமென்றே பூஞ்சையை ஏற்றி, எர்காட்டை அறுவடை செய்தார்கள். வயலில் எமன், பிரசவ அறையில் மருத்துவச்சி.

நம் பக்கத்துக்கு வருவோம். சோளத்தில் வரும் தேனொழுகல் பூஞ்சைக்கு முதலில் பெயர் வைத்து எழுதியவர் கோயம்புத்தூரில் பணியாற்றிய வில்லியம் மெக்ரே, ஆண்டு 1917. பிறகு 1945-இல் அதே கோயம்புத்தூரைச் சேர்ந்த கே.எம். தாமஸ், டி.எஸ். ராமகிருஷ்ணன், கே.வி. சீனிவாசன் மூவரும், தென்னிந்தியாவில் எர்காட் இயற்கையாகவே இருப்பதைப் பதிவு செய்தார்கள். வரப்போரம் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல்லிலும் அது தங்கியிருக்கும் என்பதும் பின்னர் தெரிந்தது. ஆக, பூஞ்சை புதிதாக வந்த விருந்தாளி இல்லை. நம் வரப்பிலேயே காலங்காலமாக இருந்ததுதான்.

அப்படியானால் 1968-இல் எங்கள் காட்டில் மட்டும் ஏன் அவ்வளவு கோரம்?

இங்கேதான் அய்யா வாங்கிவந்த விதையின் கதை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்பவர், மகரந்தமே உண்டாகாத ஒரு கம்புச் செடியை வளர்த்தெடுத்தார். அதன் பெயர் டிஃப்ட் 23ஏ. மகரந்தம் இல்லாத தாய் என்றால், நாம் விரும்புகிற தகப்பனை வைத்து ஒட்டு விதை எடுப்பது சுலபம். லூதியானாவில் தில்பாக் சிங் அத்வால் அந்தத் தாயை வைத்து உருவாக்கிய எச்.பி. 1 என்ற வீரிய ஒட்டுக் கம்பு 1965-இல் வெளிவந்தது. தொடர்ந்து அதன் தம்பிகள் வந்தன. விளைச்சல் கொட்டியது. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். பஞ்சம் வாசலில் நின்ற காலம். அந்த விதை பல வீட்டு அடுப்பை எரியவைத்தது.

ஆனால் ஒட்டுக் கம்பு ஒரே அச்சில் வார்த்த செங்கல் மாதிரி. எல்லாம் ஒரே நாளில் கதிர் விடும், ஒரே நாளில் சூல்முடி நீட்டும். மகரந்தம் வருகிற வரைக்கும் காடு முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். நாட்டுக் கம்பு அப்படி இல்லை. ஒரு செடி இன்று பூக்கும், பக்கத்துச் செடி நேற்றே பூத்திருக்கும், இன்னொன்று நாலு நாள் கழித்துப் பூக்கும். 'ஒழுங்கில்லாத பயிர்' என்று அய்யா திட்டுவார். அந்த ஒழுங்கின்மையால் காற்றில் எப்போதும் கொஞ்சம் மகரந்தம் மிதந்துகொண்டே இருக்கும். திறந்த பூவுக்கு உடனே துணை கிடைத்துவிடும்.

துணை கிடைத்தால் என்ன ஆகும்? ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் 1972-இல் தொடங்கிய சர்வதேச ஆராய்ச்சி நிலையம் இக்ரிசாட். அங்கே ஆர்.பி. தாக்கூரும் அவரோடு இருந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். பூஞ்சை வருவதற்கு முன்பே மகரந்தம் விழுந்த கதிர்களில் நோய் பெரிதும் குறைந்தது. காரணமும் பிறகு தெரிந்தது. மகரந்தம் விழுந்து சில மணி நேரத்தில் கம்பின் சூல்தண்டு ஓரிடத்தில் சுருங்கி இறுகிவிடுகிறது. பின்னால் வருகிற பூஞ்சைக்கு வழி அடைபட்டுப் போகிறது. யார் முதலில் வருகிறார்கள் என்ற போட்டிதான் மொத்த வியாதியும். 1983-இல் அவர்கள் ஒரு வழியையும் எழுதினார்கள்: கொஞ்சம் முந்திப் பூக்கிற கம்பை வயலில் கலந்து வைத்தால், அதன் மகரந்தம் பறந்து வந்து மற்றதைக் காக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது 1988-இல். கோடைப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தேன். ஒரு பேராசிரியர் கம்பங்கதிர்களை மேசையில் பரப்பி இதையெல்லாம் விளக்கினார். மற்ற வாத்தியார்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. மனதில் எங்கள் காட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வடகாடு எங்கள் காட்டுக்கு வடக்கே. முந்தி விதைத்த நாட்டுக் கம்பு. கார்த்திகையில் நம் பக்கம் அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. எங்கள் காட்டில் தேறியது வடக்கு ஓரத்து வரிசைகள் மட்டும்.

புரிகிறதா? வடகாட்டுப் பாட்டியின் கம்பிலிருந்து பறந்துவந்த மகரந்தம்தான் எங்கள் வடக்கு வரிசைகளைக் காப்பாற்றியது. "அவ காடு மட்டும் எப்படி நிக்கிது" என்று அப்பத்தா கேட்டதற்கும் பதில் இதுதான். யாரைக் கண் வைத்தவள் என்று இருபது வருடம் பழித்தோமோ, அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த நாலு மூட்டைக் கம்பும் அவர் காட்டுக் காற்று போட்ட பிச்சை.

பசுவின் மடி வற்றியதற்கும் அங்கே விளக்கம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் அன்றைய ரொடீசியாவில், கம்பு எர்காட் கலந்த தீவனம் தின்ற தாய்ப் பன்றிகளுக்குப் பால் சுரக்காமல் போனதை 1959-இலேயே எழுதியிருக்கிறார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்பின் எர்காட் தனி இனம் என்று 1967-இல் லவ்லெஸ் என்பவர் பெயர் வைத்தார். ரையில் வருவது ரத்தக் குழாயைச் சுருக்கிக் கை காலைக் கருக்கும். கம்பில் வரும் நஞ்சு வேறு வகை; பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனை அமுக்கும். மனிதர்களுக்கும் வந்திருக்கிறது: 1956-57-இல் பழைய பம்பாய் ராஜ்யத்தின் தென்பகுதியிலும், 1975-இல் ராஜஸ்தானிலும். எர்காட் கலந்த கம்பு ரொட்டி தின்றவர்களுக்குக் குமட்டல், வாந்தி, தலைசுற்றல், ஒன்றிரண்டு நாள் நீங்காத தூக்கக் கிறக்கம்.

'மகரந்தத்துக்கே பூஞ்சை பிடிக்குமா சார்?' என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். பிடிக்கும். குளிர்நாடுகளில் மாட்டுத் தீவனத்துக்காக வளர்க்கும் சிவப்புக் குளோவர் பூவில் ஒரு பூஞ்சை மகரந்தப் பைக்குள்ளேயே குடியேறிவிடும். பூ வெளியே அழகாகத்தான் இருக்கும். பையைத் திறந்தால் மஞ்சள் தூளுக்குப் பதிலாகச் சாம்பல் நிறத் தூள். தேனீ அதை மகரந்தம் என்று நம்பி அடுத்த பூவுக்குச் சுமக்கும். அங்கே திருடன் துணையின் சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறான்.

இது பழங்கதையும் இல்லை. சோளத்தின் ஆப்பிரிக்க எர்காட் 1995-இல் பிரேசிலில் தோன்றி, இரண்டே வருடத்தில் அமெரிக்கா வரை பரவியது. 1996-இல் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே குவின்ஸ்லாந்தில் அந்தச் சோளத்தைத் தின்ற பன்றிக்கும் பசுவுக்கும் பால் குறைந்தது. எங்கெல்லாம் ஒட்டு விதைக்காக மகரந்தமில்லாத தாய்ச்செடிகளை வரிசை வரிசையாக நட்டிருந்தார்களோ, அங்கெல்லாம் அடி பலம்.

பயிற்சி முடிந்ததும் கீழக்கரைக்கு வராமல் நேரே ஊருக்குத்தான் பஸ் ஏறினேன். அப்பத்தா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டாள். வடகாட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தார், கண் மங்கிப்போய். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பூஞ்சை, மகரந்தம், வாடைக்காற்று, செவலைப் பசு, எல்லாம். வகுப்பில் சொல்வதைவிட நிதானமாகச் சொன்னேன்.

கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நான் கண்ணு வைக்கலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி. நீ படிச்சு வந்துதானா எனக்குச் சொல்லணும்? அவளுக்குல்ல தெரியாமப் போயிட்டா."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க அத்தை நல்லாருக்காளா?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க" என்றேன். வேறு எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து வரப்பில் கிடந்த முள்ளை வெட்டிப் போட்டேன். இருபது வருடத்து முள், பாதி மக்கிப்போயிருந்தது. அடுத்த விதைப்புக்கு அவர் குலுக்கையிலிருந்து இரண்டு படி நாட்டுக் கம்பு கேட்டு வாங்கினேன்.

முப்பத்து மூன்று வருடமும் மகரந்தச் சேர்க்கைப் பாடம் வரும்போதெல்லாம் கம்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருப்பேன். 'செம்பருத்திக்குக் கேள்வி வரும், கம்புக்கு ஏன் சார் இவ்வளவு நேரம்' என்று கேட்ட பிள்ளைகளுக்கு இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

ஏர்வாடி மாணவனிடம் சாயங்காலம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், ஆடு மாடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். தேன் வடிகிற கதிரைக் கண்டதும் வெட்டி எடுத்து எரித்துவிடுங்கள்; கால்நடைக்குப் போடவேண்டாம். தீவனத்துக்கென்றே போட்ட கம்பானால், மணி பிடிக்கும்வரை விடாமல் பூக்கிற பருவத்திலேயே அறுத்துவிடலாம். விதைக்கு எடுக்கும் கம்பை, பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ கல்லுப்பு கரைத்து அதில் கொட்டுங்கள். எர்காட்டும் பதரும் மிதக்கும். அள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி நிழலில் உலர்த்துங்கள். வரப்பில் கொழுக்கட்டைப் புல் பூத்திருந்தால் ஒரு கண் வையுங்கள். அறுவடைக்குப் பிறகு ஆழ உழுங்கள். முடிந்தால் வாடைக்காற்று வருகிற பக்கம் நாலு வரிசை நாட்டுக் கம்பை முந்தி விதைத்து வையுங்கள்.

அவன் கேட்டான்: "நாட்டுக் கம்பு விதைக்கு எங்க சார் போறது?"

வடகாட்டுப் பாட்டியின் பேரன் இன்னும் அதைப் போடுகிறான். சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.

சின்ன அத்தை இந்தப் பதிவைப் படிக்கமாட்டார், கண் சரியில்லை. அவர் பேத்தி இதை வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் உயிரியல் வாத்தியார்,
கீழக்கரை